முப்பத்தெட்டாவது கம்பி

ஞானமேரியின் பையில் தண்ணீர் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் மட்டுமே தெரியும். பிரான்சுவா முசேவுக்குத் தெரியாது. அவர் முன்னால் நடந்துகொண்டிருந்தார். அவருடைய பட்டாளத்துப் பிதோன் இடுப்பில் தொங்கியது. ஒவ்வொரு தடவை அவர் மூடியைத் திறந்து குடிக்கும்போதும் உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

1980, ஏப்ரல் இருபத்தொன்று, திங்கள்கிழமை. பிள்ளைச்சாவடிக்கு மேற்கே முந்திரித் தோப்புகளைத் தாண்டினால் செம்மண் பள்ளம் தொடங்கும். மேட்டு நிலத்தில் பெய்த மழை கடலுக்கு ஓடி ஓடி அறுத்த பள்ளம். வாயில் ஆள் உயரம்தான் இருக்கும். உள்ளே போகப் போக இரண்டு பக்கமும் சுவர் எழும்பும். பாதி வழிக்கு மேல் ஒரு பனை உயரம். உள்ளே மரம் இல்லை, புல் இல்லை. சிவப்பு மண், கருஞ்சிவப்புச் சரளைக்கல், மேலே ஒடுங்கிய வானம். காற்று வராது. கடல் மூன்று மைலில் இருக்கிறது என்று சொன்னால் அங்கே நிற்பவர் நம்பமாட்டார்.

ஒரு மண் அரிப்பு ஆய்வுக்காக எங்களை மூன்று மாதத்துக்கு எடுத்திருந்தார்கள். போன வருடம் அந்தச் சுவர்களில் நூறு மீட்டருக்கு ஒன்றாக ஐம்பது இரும்புக் கம்பிகளைத் தலை மட்டும் தெரிய அடித்து, பக்கத்தில் சிவப்புப் பெயிண்டில் எண் போட்டிருந்தார்கள். மழை எவ்வளவு மண்ணைக் கரைத்ததோ அவ்வளவு கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதை அளந்து எழுதுவதுதான் வேலை. நான் தாவரவியல், ஞானமேரி விலங்கியல். ஒரே வருடம் பி.எஸ்சி. முடித்தவர்கள். மில் தொழிலாளி வீட்டிலிருந்து நான், தபால்காரர் வீட்டிலிருந்து அவள். எங்களை வெளியே கூட்டிப்போகும் பொறுப்பு பிரான்சுவா முசேவுக்கு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கி வந்தவர். ஐம்பத்திரண்டு வயது. ஆப்பிரிக்காவில், ஜிபூத்தியில் ஆறு வருடம் இருந்தாராம்.

"அங்க இருக்கற பள்ளத்த பாத்தா இத நீங்க சாக்கடைனுதான் சொல்வீங்க மத்மசேல்" என்பார். நாங்கள் அவரை ஐயா என்பதற்கு முசே என்று கூப்பிட்டோம்; பதிலுக்கு எங்களை மத்மசேல் என்று கூப்பிடுவது அவருக்கு ஒரு வேடிக்கை.

போன வியாழக்கிழமைதான் முதல் தடவை உள்ளே போனோம். பதினைந்தாவது கம்பி வரை. அன்று எங்கள் இரண்டு பேரிடமும் ஆளுக்கொரு பிராந்தி பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தது. பிராந்தி பாட்டில்தான். எங்கள் ஊரில் தண்ணீர் கொண்டுபோக வேறு பாட்டிலை யார் காசு கொடுத்து வாங்குகிறார்கள்? முசே எங்கள் எதிரில் நின்று குடிக்க வைத்தார்.

"குடிங்க. நீங்க குடிக்காம நான் நகரமாட்டேன். தண்ணிய மிச்சம் பண்ண மூணு பேர நானே குழி தோண்டிப் பொதச்சிருக்கேன்."

குடித்தோம். பத்து மணிக்கு ஞானமேரியால் தாங்க முடியவில்லை. அளவு நாடாவை மறந்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் பின்னால் போனாள். நானும் போனேன். ஒரு வளைவுக்கு அப்பால் அவள் உட்கார்ந்தாள். நான் வளைவில் காவல் நின்றேன். பள்ளத்துக்குச் சுவர் இருக்கிறது, கூரை இல்லை என்பது எங்களுக்குத் தோன்றவில்லை. மேலேயிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. ஒரு முந்திரிப்பழம் வந்து அவளுக்குப் பக்கத்தில் விழுந்து நசுங்கியது. நிமிர்ந்தபோது விளிம்பில் யாரும் இல்லை.

பஸ்ஸில், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"திங்கக்கெழம நான் ஒரு சொட்டு குடிக்கப் போறதில்ல. நீயும் குடிக்காத."

"முசே விடமாட்டாரே."

"பாட்டில் இருந்தாதானே."

வீட்டில் பாட்டில் இல்லாமல் அனுப்பமாட்டார்கள். அதனால் கொண்டுபோய், முசே முன்னால் போனதும் பள்ளத்தின் வாயில் இருக்கும் முந்திரி மரத்தின் கிளையிடுக்கில் வைத்துவிடுவது என்று முடிவு செய்தோம். திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம். முதல் நாள் இரவு ஏழு மணிக்குப் பிறகு ஒன்றும் குடிக்கக் கூடாது. காலையில் காபி கூடாது. இட்லியைக்கூடச் சட்னி தொடாமல் தின்ன வேண்டும். இதெல்லாம் அவள் போட்ட விதி. பரீட்சைக்கு அட்டவணை போடுகிறவள் மாதிரி வரிசையாகச் சொன்னாள். அவள் அதன்படி நடந்தாள். எனக்கு அம்மா எதிரில் நின்றதால் அரை டம்ளர் காபி குடிக்கும்படி ஆனது. அதை அவளிடம் நான் சொல்லவில்லை.

அன்றைய வேலை பதினாறிலிருந்து முப்பது வரை. பதினொரு மணிக்குள் முடித்துத் திரும்பிவிடலாம். பதினொரு மணி வரை தாங்கலாம் என்றுதான் இரண்டு பேரும் கணக்குப் போட்டிருந்தோம்.

பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று ஆகிய கம்பிகள் இல்லை. அந்த இடத்தில் மற்றொரு பள்ளம் வந்து சேர்கிறது. இரண்டு தண்ணீரும் மோதிச் சுவரையே கம்பியோடு கொண்டுபோயிருந்தன. நோட்டில் மூன்றுக்கும் நேராக 'இல்லை' என்று எழுதினேன். இருபத்திரண்டு பதினான்கு சென்டிமீட்டர். இருபத்து மூன்று ஒன்பது. அளப்பது நான், எழுதுவது அவள் என்று பிறகு மாற்றிக்கொண்டோம். அவளுக்குக் கையைத் தூக்கச் சிரமமாக இருந்தது.

முப்பதாவது கம்பிக்கு வந்தபோது மணி பத்தே முக்கால். முசே பிதோனைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார்.

"என்னுது காலி. உங்ககிட்ட ரெண்டு பாட்டில் இருக்கில்ல?"

"இருக்கு முசே" என்றாள் ஞானமேரி.

"குடிச்சீங்களா?"

"குடிச்சோம். இன்னும் நெறைய இருக்கு."

"நான் பாக்கவேயில்லையே."

"நீங்க முன்னாடி போறப்ப குடிச்சோம்."

அவர் சிரித்தார். "அப்பாடா. புத்தி வந்துடுச்சி." பிறகு மேற்கே பார்த்தார். "அப்பன்னா ஒண்ணு செய்யலாம். தண்ணி இருக்கு, பொழுது இருக்கு. அம்பது வரைக்கும் முடிச்சிடுவோம். இந்த வெயில்ல உங்கள இன்னொரு நாள் இழுத்துகினு வர எனக்கு மனசில்ல. என்னா வேம்பு?" என்று என்னைக் கேட்டார்.

ஞானமேரி என்னைப் பார்த்தாள். நான் சொல்லியிருக்கலாம். தண்ணீர் இல்லை என்று இரண்டே சொல். ஆனால் ஏன் இல்லை என்று அடுத்துக் கேட்பார். மரத்தில் வைத்தோம் என்றால் ஏன் வைத்தீர்கள் என்பார். அதற்கு என்னிடம் இருந்த பதிலை ஓர் ஆணிடம் சொல்லும் வார்த்தை எனக்குத் தெரியாது.

தலையை ஆட்டினேன்.

"எனக்கு உங்க தண்ணி வேணாம்" என்றார் முசே, நடந்துகொண்டே. "அது பொண்ணுங்க தண்ணி. வேணும்போது குடிங்க."

முப்பத்து மூன்றாவது கம்பியில் நான் கவனித்தேன்: ஞானமேரிக்கு வியர்க்கவில்லை. காலையில் அவள் ஜாக்கெட் முதுகு முழுக்க நனைந்திருந்தது. இப்போது காய்ந்து, வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. முகம் சிவந்திருந்தது. அவள் கையைத் தொட்டேன். காய்ச்சல்காரியின் கை.

"மேரி, சொல்லிடலாம்டி" என்றேன் மெதுவாக.

"வாயத் தொறந்த, உன்னோட பேசமாட்டேன்."

"ஒனக்கு ஒடம்பு சுடுது."

"வெயில் சுடுது. எழுது."

எழுத வேண்டியவள் அவள்தான். நோட்டு அவள் கையில்தான் இருந்தது.

முப்பத்தாறுக்கு ஒன்பது என்று அளந்து சொன்னேன். நோட்டை எட்டிப் பார்த்தபோது தொண்ணூறு என்று எழுதியிருந்தாள். முப்பத்தேழுக்கு எண்ணுக்குப் பதில் ஒரு கோடு கிழித்திருந்தாள். பிறகு நின்று, காதைச் சாய்த்து எதையோ கேட்டாள்.

"மணி அடிக்குது. பூசைக்கு நேரமாச்சி. அப்பா கோச்சிப்பாரு."

அந்தப் பள்ளத்தில் ஒரு சத்தமும் இல்லை. முசே திரும்பிப் பார்த்தார். முப்பத்தெட்டாவது கம்பியைப் பிடித்துக்கொள்ளப் போவது போல அவள் கையை நீட்டினாள். கம்பி கொஞ்சமே வெளியில் இருந்தது. பிடி கிடைக்காமல் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். பிறகு பக்கவாட்டில் சாய்ந்தாள்.

"பாட்டில எடு" என்றார் முசே. அவளைத் தூக்கிச் சுவரோரம், ஒரு முழ அகலம்கூட இல்லாத நிழலில் கிடத்தினார். "வேம்பு, பாட்டில எடும்மா."

நான் எடுக்கவில்லை. அவரே ஞானமேரியின் பையைப் பிடுங்கிக் கவிழ்த்தார். புளிச்சோற்று டப்பா, கைக்குட்டை, பென்சில், ஜெபமாலை. அவர் பையின் அடியைத் தடவினார். உதறினார்.

"எங்க?"

"முந்திரி மரத்துல."

"எந்த மரம்?"

"வாய்க்கிட்ட. காலைல அங்க வச்சிட்டு வந்துட்டோம்."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்."

"ஏன்?"

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை. வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. மூன்று பேரைப் புதைத்தவர் பயப்படுகிறார் என்றால் நான் எவ்வளவு பயப்பட வேண்டும் என்று அப்போது தெரிந்தது.

பிதோனைக் கவிழ்த்து ஞானமேரியின் உதட்டில் தட்டினார். இரண்டு சொட்டு விழுந்தது. சட்டையைக் கழற்றி அவள் தலைக்கு மேல் பிடிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். சுவரைப் பார்த்தார்.

"மேல போயிட்டா தோப்புல யாராவது இருப்பாங்க. கூப்ட்டுப் பாக்கறேன்."

மழை கிழித்த ஒரு வெடிப்பில் கால் வைத்து ஏறினார். இரண்டு ஆள் உயரம் ஏறியிருப்பார். அவர் பிடித்திருந்த மண் கட்டியாகப் பெயர்ந்தது. அவர் மண்ணோடு சேர்ந்து வந்து விழுந்தார். தூசி அடங்கியபோது அவர் வலது காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து நிற்கப் பார்த்தார். முடியவில்லை. பிரெஞ்சில் ஏதோ சொன்னார். திட்டாக இருக்கலாம், ஜெபமாகவும் இருக்கலாம்.

"வேம்பு, நீதான் போவணும்."

"தனியாவா முசே?"

"நான் தவழ்ந்துகினா வர முடியும்? ஓடாத. வேகமா நட. ஓடினா நீயும் விழுந்துடுவ. நீயும் விழுந்தா மூணு பேரும் இங்கதான்."

மணி பதினொன்று ஐம்பத்தைந்து. நோட்டை எடுத்துக்கொண்டு நடந்தேன். எதற்கு எடுத்தேன் என்று தெரியவில்லை. கையில் ஏதாவது வேண்டியிருந்தது.

முப்பத்தேழு. முப்பத்தாறு. எண்களைத் தலைகீழாக எண்ணிக்கொண்டு இறங்கினேன். ஒவ்வொரு கம்பியையும் பார்க்கும்போது கொஞ்சம் மூச்சு வந்தது. அடுத்தது வரும் வரை வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. விழுங்கிப் பார்த்தேன். விழுங்க ஒன்றும் இல்லை. இருபத்தெட்டுக்குப் பக்கத்தில் கண் முன்னால் கறுப்புப் புள்ளிகள் வந்தன. சுவரைப் பிடித்து நின்றேன். சுவர் சுட்டது. என் மூச்சு மட்டும் கேட்டது. அப்போது ஞானமேரி கேட்ட மணி எனக்கும் கேட்கத் தொடங்கினால் என்ன செய்வது என்று நினைத்தேன். உடனே நடக்கத் தொடங்கிவிட்டேன்.

இருபத்திரண்டைத் தாண்டியதும் பள்ளம் அகன்றது. தரை முழுக்கச் சரளைக்கல். கால் தடம் பதியாத இடம். ஆடுகள் எல்லாப் பக்கமும் மிதித்துவிட்டிருந்தன. எதிரில் இரண்டு வழி இருந்தது. இரண்டும் சிவப்பு. இரண்டும் ஒரே அகலம். காலையில் எதன் வழியாக வந்தோம்? காலையில் நான் வழியைப் பார்க்கவில்லை, முசேவின் பிதோனைப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன்.

கிழக்கு எது என்று தெரிந்தால் போதும். நிழலைப் பார்க்கலாம் என்று கீழே பார்த்தேன். என் நிழல் இல்லை. பாதத்தைச் சுற்றி ஒரு கறை மாதிரி இருந்தது, அவ்வளவுதான். ஏப்ரல் இருபத்தொன்று, அட்சரேகை பன்னிரண்டு. நம் ஊரில் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வரும் நாள். வகுப்பில் வரைந்து காட்டி மதிப்பெண் வாங்கிய விஷயம். அதன் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். எந்தத் திசைக்கும் நிழல் விழவில்லை.

வலதுபக்க வழியில் போனேன். இருபத்தொன்றாவது கம்பி வரவில்லை. நோட்டைப் பார்த்தேன். 'இல்லை' என்று இருந்தது. என் கையெழுத்து. சரி என்று நடந்தேன். இருபது வரவில்லை, அதுவும் 'இல்லை'. பத்தொன்பதும் 'இல்லை'. மூன்று 'இல்லை'களை நம்பிக்கொண்டு நடந்தேன். அடுத்தது பதினெட்டு. அது இருக்க வேண்டும். நூறு மீட்டர் நடந்தேன். இன்னும் நூறு. சுவர் குறைய வேண்டியதற்குப் பதில் உயர்ந்துகொண்டிருந்தது. எனக்கு அப்படித் தோன்றுகிறதா, உண்மையிலேயே உயர்கிறதா என்று சொல்ல முடியவில்லை. தலையில் இடித்தது.

உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தால் எழ முடியாது என்று தெரிந்தும் உட்கார்ந்தேன். எதிரில் தலையளவு ஒரு கல் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வந்த பக்கம் கல் துடைத்து வைத்தது போல இருந்தது. மறுபக்கம் சருகு, ஈர்க்கு, ஆட்டுப்புழுக்கை எல்லாம் சேர்ந்து காய்ந்து ஒட்டியிருந்தது. அடுத்த கல்லிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும். கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. மழைத் தண்ணீர் கொண்டுவந்த குப்பை, அது வந்த பக்கத்தில்தான் கல்லில் தங்கும். குப்பை கல்லுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நான் தண்ணீருக்கு எதிராகப் போகிறேன். மேட்டுக்குப் போகிறேன்.

எப்படி எழுந்தேன் என்று நினைவில்லை. திரும்பி, ஒவ்வொரு கல்லிலும் குப்பை என் பக்கம் பார்த்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். அகன்ற இடத்துக்கு வந்து மற்ற வழியில் இறங்கினேன். பதினெட்டு என்ற சிவப்பு எண்ணைப் பார்த்தபோது வாய்விட்டு அழுதேன். கண்ணில் தண்ணீர் வரவில்லை.

பள்ளத்தின் வாய்க்கு வந்தபோது மணி ஒன்று பத்து. முந்திரி மரத்தின் கிளையிடுக்கில் கையை விட்டுத் தேடினேன். பாட்டில் இல்லை. அடுத்த கிளையில் பார்த்தேன். மரத்தைச் சுற்றி வந்தேன். அதே மரம்தான். அதே வளைந்த கிளை. இல்லை.

"என்னாடி தேடற?"

சற்றுத் தள்ளி, கூடைக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்து பழத்திலிருந்து கொட்டையைத் திருகிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். தோப்புக் காவல்காரி. அவள் பெயர் மணியம்மாள் என்று பிறகு தெரிந்தது. அவள் காலடியில் இரண்டு பிராந்தி பாட்டில்கள் படுத்திருந்தன. காலி.

"தண்ணி" என்றேன். வார்த்தை சரியாக வரவில்லை.

"இதுல இருந்ததா? சரக்குனு மோந்து பாத்தேன். வெறும் தண்ணி. கொட்டிட்டேன். எவனோ குடிகாரன் வச்சிட்டுப் பூட்டான்னு நெனச்சேன். பாட்டிலு நல்ல பாட்டிலு."

நான் அப்படியே நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். எழுந்து வந்து, ஒரு தூக்குச் சட்டியை என் வாயில் வைத்தாள். கூழ். உப்புப் போட்ட, புளித்த கூழ். பாதி கழுத்தில் வழிந்தது. மீதி உள்ளே போனது. அதற்குப் பிறகுதான் பேச முடிந்தது. முப்பத்தெட்டு, கம்பி, ஞானமேரி, முசேவின் கால் என்று முன்பின்னாகச் சொன்னேன். அவள் பாதியிலேயே தோப்புப் பக்கம் திரும்பி, "யோவ், கவுறு எடுத்தா" என்று கத்தினாள். ஒரு குடிசையிலிருந்து அவள் கணவர் கண்ணையன் தாம்புக்கயிறும் குடமுமாக வந்தார். கிணறு பக்கத்திலேயே இருந்தது. குடத்தையும் இரண்டு பாட்டில்களையும் நிரப்பினார்கள்.

"பள்ளத்துக்குள்ள போனா சாயங்காலம் ஆயிடும்" என்றார் கண்ணையன். "மேலயே போவலாம். ஆடு எறங்கற தடம் இருக்கு."

விளிம்போரமாக நடந்தோம். மணியம்மாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைவிட வேகமாக நடந்தாள்.

"ஏண்டி, தண்ணிய மரத்துல வச்சிட்டா போவாங்க? படிச்ச பொண்ணுங்கதான நீங்க?"

அவளிடம் சொல்ல முடிந்தது. வியாழக்கிழமையையும் சேர்த்துச் சொன்னேன். சிரிப்பையும் பழத்தையும் சொன்னேன். யாரோ ஆம்பிளைங்க என்றேன்.

அவள் குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஆம்பள இல்லடி. நான்தான். சும்மா வெளாட்டுக்குப் போட்டேன். நாங்களும் அங்கதான் ஒதுங்குவோம்." பிறகு கணவரைப் பார்த்து, "நீ முன்னாடி ஓடுய்யா, என்னா பேச்சு கேட்டுகினு வர" என்றாள். அவர் ஓடினார்.

நாங்கள் மேலிருந்து பார்த்தபோது முசே ஞானமேரியின் மேல் குனிந்து, தன் முதுகை வெயிலுக்குக் கொடுத்து அவளுக்கு நிழலாக இருந்தார். எவ்வளவு நேரமாக அப்படி இருந்தாரோ, முதுகு முழுக்கக் கன்றியிருந்தது. கூப்பிட்டதும் நிமிர்ந்தார்.

"மூச்சு இருக்கா?" என்று கண்ணையன் கேட்டார்.

"இருக்கு. சீக்கிரம் வாங்க."

அவளால் விழுங்க முடியவில்லை. ஊற்றியது வாயோரம் வழிந்தது. மணியம்மாள் குடத்துத் தண்ணீரை அவள் தலையிலும் மார்பிலும் ஊற்றினாள். சிவப்பு மண் அதை உடனே குடித்தது. கண்ணையன் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டுத் தடத்தில் ஏறினார். முசேவைக் கயிறு கட்டி நாங்கள் இருவரும் இழுத்தோம். அவர் ஒரு காலால் தத்தித் தத்தி வந்தார்.

கடற்கரை ரோட்டுக்கு வந்தபோது மணி மூன்றரை. கனகசெட்டிக்குளத்திலிருந்து ஒரு மீன் வண்டி வந்தது. மணியம்மாள் ரோட்டின் நடுவில் போய் நின்றாள். மீன் பெட்டிகளுக்கு நடுவில் ஞானமேரியைக் கிடத்தினோம். வண்டிக்காரர் ஐஸை அள்ளிக் கொடுத்தார். அதை அவள் கழுத்திலும் அக்குளிலும் வைத்துப் பிடித்துக்கொண்டேன். ஐஸ் உருகி என் மடியில் ஓடியது. ஊர் வரும் வரை அவள் கண் திறக்கவில்லை. திறக்காவிட்டால் நான் யாரிடம் என்ன சொல்வேன் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோனார்கள். சேதி தெரிந்து அவளுடைய அப்பா ஆரோக்கியம் சைக்கிளில் வந்தார். தபால் பை இன்னும் தோளில் இருந்தது. முசே ஒரு பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். டாக்டர் வெளியே வந்தார். சின்ன வயசுக்காரர்.

"கூட இருந்தது யாரு? எப்பலேருந்து தண்ணி குடிக்கல?"

"காலைல குடிச்சிருப்பா சார்" என்றார் அப்பா. "பாட்டில் குடுத்து அனுப்பினோம்."

"கடைசியா எப்ப யூரின் போச்சி?"

அப்பா தரையைப் பார்த்தார். முசே சுவரைப் பார்த்தார். டாக்டர் யாரைக் கேட்பது என்று தெரியாமல் நின்றார்.

"கிட்னி வேல செய்யுதான்னு நான் பாக்கணும். யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்" என்றேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"காலைல நாலரைக்கு. அதுக்கப்புறம் போகல. நேத்து ராத்திரி ஏழு மணிக்கப்புறம் ஒண்ணும் குடிக்கல. வேணும்னேதான் குடிக்கல. வெளியில ஒதுங்க வேண்டி வரும்னு. பாட்டில நாங்களே மரத்துல வச்சிட்டுப் போனோம். முசேகிட்ட இருக்குன்னு பொய் சொன்னோம்."

டாக்டர் எழுதிக்கொண்டார். "இருவத்தோரு மணி நேரம்" என்றார், தனக்குள். உள்ளே போய்விட்டார்.

யாரும் என்னைத் திட்டவில்லை. முசே மட்டும், வெகுநேரம் கழித்து, "என்கிட்ட சொல்லியிருந்தா நான் ஒரு வளைவு தள்ளிப் போயிருப்பேனே" என்றார். பிறகு, "நீங்க எப்படி சொல்வீங்க" என்றார்.

இரண்டு பாட்டில் சலைன் ஏற்றினார்கள். சிறுநீர் வந்தால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார்கள். காத்திருந்தோம். அரை மணிக்கு ஒரு தடவை நர்ஸ் கதவைத் திறப்பாள். "வந்துச்சாம்மா?" என்று அப்பா எழுந்து நிற்பார். "இன்னும் இல்ல." அவர் உட்காருவார். அடுத்த தடவை முசே கேட்பார். "இன்னும் இல்ல." ஐந்து மணிக்குக் கேட்டார்கள். ஐந்தரைக்குக் கேட்டார்கள். தாழ்வாரத்தில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா ஜெபமாலையை எடுத்தார். அது பள்ளத்தில் முசே அவள் பையிலிருந்து கொட்டியபோது விழுந்தது; நான்தான் கொண்டுவந்து கொடுத்திருந்தேன். அவர் விரல்கள் மணியில் நகர்ந்தன. உதடு நகரவில்லை.

ஆறேகாலுக்கு நர்ஸ் வந்தாள்.

"வந்துடுச்சி."

"எவ்ளோம்மா?" என்றார் அப்பா.

"அறுவது மில்லி. காபி டிக்காஷன் மாதிரி இருக்கு. கொஞ்சம்தான். காலைக்குள்ள ஐநூறு மில்லியாவது வரணும்னு டாக்டர் சொல்றாரு. கண்ணு தொறந்தா. ஏதோ நம்பர் சொல்றா."

"அறுவது மில்லியாம்" என்று அப்பா முசேவிடம் சொன்னார்.

"ஆமா, கேட்டுச்சி. அறுவது."

"இன்னும் வரும் இல்ல?"

"வரும். வரணும்."

நான் எழுந்து நின்றேன். மத்தியானம் குடித்த கூழும், இங்கே வந்து குடித்த நான்கு டம்ளர் தண்ணீரும் சேர்ந்து கொஞ்ச நேரமாக என்னை உட்காரவிடவில்லை. ஞானமேரி என்ன எண்ணைச் சொல்கிறாள் என்று கேட்கப் பயமாக இருந்தது.

"முசே, அவ கூப்ட்டான்னா இங்கதான் இருக்கேன்னு சொல்லுங்க. நான் ஒண்ணுக்குப் போயிட்டு வரேன்."

அவர் தலையை ஆட்டினார். "போ" என்றார். "தாழ்வாரக் கோடியில இருக்கு. தாப்பா சரியா விழாது. யாரும் வராம நான் பாத்துக்கறேன்."